கொள்ளையருக்கு மறுசோறு

என் மகளின் வகுப்பில் கடற்கொள்ளையரைப் பற்றி ஒரு செயல்திட்டம் நடந்தது. கப்பல், கொடி, ஆயுதம் என்று நல்ல தலைப்புகளையெல்லாம் மற்றப் பிள்ளைகள் முந்திக்கொண்டு எடுத்துவிட, இவளுக்குச் சாப்பாடு கிடைத்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் பார்த்து, கொள்ளையர் கடலில் என்ன தின்றார்கள், என்ன குடித்தார்கள் என்று ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். கல்லுப் போன்ற பிஸ்கட், அதற்குள் புழு. உப்பில் ஊறிய மாட்டிறைச்சி. கப்பலின் அடித்தளத்தில் மல்லாத்திப் போட்டிருக்கும் ஆமை. பாசி பிடித்த தண்ணீர். பீப்பாய் பீப்பாயாக ரம். பக்கத்தில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவன் எலும்பைக் கடிப்பது போலப் படமும் கீறியிருந்தாள்.

நான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அதை வாசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா, பிழையோ?"

"புத்தகத்திலை இருக்கிறது சரியாத்தான் இருக்கும். நான் கண்ட ஆக்கள் ஸ்பகெட்டி சாப்பிட்டவை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் முன்னொரு காலம் கப்பலில் சமையற்காரனாக இருந்ததும், அந்தக் கப்பலைச் சோமாலியாப் பக்கத்துக் கடலில் கொள்ளையர் பிடித்து ஏழு மாதம் வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லித் தெரிந்தது அந்த ஒரு வசனம் மட்டும்தான். பிடித்தார்கள், வைத்திருந்தார்கள், விட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதைப்பதில்லை. நான் அகப்பட்டிருந்தபோது என் மனைவி இங்கே ஒஸ்லோவில், புருசெத்தில் இருந்தாள். கலியாணம் முடிந்து, என்னை நோர்வேக்கு எடுப்பதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அந்த ஏழு மாதத்தையும் தொலைபேசியைப் பார்த்தபடி கழித்தவள், நான் வந்து சேர்ந்த பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நான் அவளுக்கு நன்றியுள்ளவனாக இருந்தேன்.

அடுத்த நாள் மகள் வகுப்பில் எழும்பி நின்று, என் அப்பா உண்மையான கடற்கொள்ளையரோடு இருந்தவர், அவர்கள் ஸ்பகெட்டிதான் சாப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பின்னேரம் வீட்டுக்கு வந்தவளின் முகம் வீங்கிப் போயிருந்தது.

"ஒருத்தரும் நம்பேல்லை. நான் பொய்காரியாம். பிரேக்குக்கும் என்னோடை ஒருத்தரும் வரேல்லை. லேரர் மட்டும் சிரிக்கேல்லை. உங்களை வந்து கதைக்கச் சொல்லிக் கேட்டவ. வருவீங்களோ?"

லேரர் என்றால் அவளுடைய ஆசிரியை. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதைக்கும்போதும் பள்ளிக்கூடத்துச் சொல்லெல்லாம் நொஸ்க்கில், நோர்வே மொழியில்தான் வரும்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளை பொய் சொல்லேல்லையே. போயிட்டு வாங்கோவன். அரை மணித்தியாலம்தானே."

அரை மணித்தியாலம்தான். ஆனால் போனால் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். சாப்பாட்டைப் பற்றித் தொடங்கினால் அது அரிசியில் கொண்டுபோய் விடும். அரிசிக் கதையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் மகள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைகள் அப்படி நினைப்பது வழக்கம்தான், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நினைப்பை இழக்க எனக்கு விருப்பமில்லை. போகாவிட்டால் அவள் வகுப்பில் பொய்காரி. போனால் நான் எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்கே தெரியாது.

போகிறேன் என்று சொன்னேன்.

எங்கள் கப்பலில் இருபத்தொரு பேர். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர். தமிழ் கதைப்பவர்கள் இரண்டே பேர், நானும் இயந்திர அறையில் எண்ணெய் வேலை செய்த ஒருவனும். அவன் தூத்துக்குடிக்காரன், என்னை விட நாலைந்து வயது இளையவன். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவன். ஒரே மொழியை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பகிடி பண்ணுவதிலேயே எங்களுக்குப் பொழுது போகும். நான் எல்லாவற்றுக்கும் தேங்காய்ப்பால் விடுகிறேன் என்பது அவனுடைய தீராத குறை. "என்னண்ணே, இன்னைக்கும் பாலா? ஒரு நாளாச்சும் சாம்பார் வையுங்களேன்" என்று தட்டோடு வந்து நிற்பான். சாம்பாரை நான் கறியாகவே கணக்கெடுப்பதில்லை என்பேன். தலையில் அடித்துக்கொண்டு, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கொள்ளையர் ஏறிய அன்று ஏழு பேர்தான் வந்தார்கள். சின்னப் படகில் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்து, உதடு வெடித்துப்போய் வந்தவர்கள். கையில் துவக்கு, இடுப்பில் பேரீச்சம்பழப் பொட்டலம், மஞ்சள் பிளாஸ்டிக் கானில் தண்ணீர். கப்பலைப் பிடித்த பிறகு அவர்கள் கேட்ட முதல் பொருள் தேநீர். தேநீர்தானே கேட்கிறார்கள் என்று ஊற்றினேன். ஒருவன் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "சுகர்" என்றான். போட்டேன். மறுபடியும் "சுகர்." கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குச் சீனி போட்ட பிறகு குடித்தான். பிறகு ஏலக்காயும் கறுவாவும் போட வேண்டும் என்று கையால் காட்டிக் கற்றுத் தந்தார்கள். ஒரு மாதத்துக்கு என்று வைத்திருந்த சீனி ஒன்பது நாளில் முடிந்தது.

ரம்மெல்லாம் இல்லை. கப்டனின் அறையிலிருந்த பியர்ப் பெட்டிகளை எல்லாருக்கும் முன்னால் கடலில் எறிந்தார்கள். எட்டுப் பெட்டி இருந்தது, கடலில் விழுந்தது ஆறு. குளிரறையிலிருந்த பன்றி இறைச்சியையும் எறியச் சொன்னார்கள், அது ஒன்றும் குறையாமல் போய்ச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ்காரர் கப்பல் விளிம்போரமாக நின்று மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிலுவை போட்டார்கள்.

கப்பலைச் சோமாலியாக் கரைக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்ட பிறகு ஏழு பேர் இருபத்தைந்து பேரானார்கள். காவலுக்கு வந்தவர்கள், மொழிபெயர்க்க வந்தவன், அவனுடைய மைத்துனன், சும்மா வந்தவர்கள். கரையிலிருந்து உயிரோடு ஆடுகள் வரும். பின்தளத்தில் கயிறு கட்டும் இரும்பில் கட்டி வைப்பார்கள். அறுப்பதை அவர்களே செய்வார்கள், சமைப்பது நான். காலையில் ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, புளித்த மாவில் சுட்ட மெல்லிய அப்பத்தோடு தின்பார்கள். அதைக் கண்டபோது எனக்கு ஆச்சரியம். பால் விடாத அப்பம்தான், பெயர் மட்டும் வேறு. நான் கோதுமை மாவில் இரவே கரைத்து வைத்துச் சுட்டேன். மத்தியானம் சோறு அல்லது ஸ்பகெட்டி, மேலே இறைச்சிக் குழம்பு. ஸ்பகெட்டியைக் கையால் பிசைந்து, கிடைத்த நாளில் வாழைப்பழத்தையும் ஒரு கடி கடித்துக்கொண்டு தின்பார்கள். மீன் தொட மாட்டார்கள். சுற்றிவரக் கடல், கப்பலுக்குக் கீழே மீன் குவியலாகத் திரியும். எங்கள் ஆட்கள் தூண்டில் போட்டுப் பிடித்தால் இவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடற்கொள்ளையன் மீன் தின்ன மாட்டான் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

பின்னேரம் ஒரு படகு வரும். அதில் காட் என்று ஒரு போதை இலை, கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி வரும். அதைக் கன்னத்தில் அடக்கி மென்றுகொண்டு, இனிப்புச் சோடாவும் சீனித் தேநீரும் மாறி மாறிக் குடிப்பார்கள். இலை வாயில் இருக்கும்வரை சாப்பாட்டு நினைப்பு வராது, நல்ல மனிதர்களாக இருப்பார்கள். படகு வராத நாட்களில்தான் ஒருவரோடு ஒருவர் கொளுவிக்கொள்வார்கள். அந்த நாட்களில் கப்பலில் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் இருப்போம்.

இதெல்லாம் வகுப்பில் சொல்லக்கூடியவை. இனி வருவது சொல்லாதது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வந்தவரின் தட்டில் வெறும் இடம் தெரியக்கூடாது. போதுமா என்று கேட்பதே மரியாதைக் குறைவு, கேட்டால் அவர் போதும் என்றுதானே சொல்லுவார். அதனால் கேட்காமல் போடுவோம். அவர் தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தாலும் விரல் இடுக்கால் ஓர் அகப்பை விழும். எங்கள் வீடுகளுக்கு முதன்முதலாக வரும் நோர்வேக்காரர் மூன்றாவது தரம் சோறு விழும்போது முகம் வெளிறிப்போவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் தன் தன் பாண் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆட்கள். நாங்கள் அப்படியில்லை. விருந்தாளி முதலில். வீட்டு ஆட்கள் கடைசியில், மிஞ்சியதைப் பகிர்ந்துகொள்வார்கள். மிஞ்சாவிட்டால் அடிச்சட்டியை வழித்துத் தண்ணீர் விட்டுக் குடிப்பார்கள். அதற்கு ஒருவரும் கோபிப்பதில்லை. வீட்டு ஆள் என்பதற்கே அதுதான் அடையாளம்.

நங்கூரம் போட்ட மூன்றாம் நாள் கப்டன் என்னைக் கூப்பிட்டு அரிசி மூட்டைகளை எண்ணச் சொன்னார். ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு கோப்பை, கொள்ளையருக்கும் அதே அளவு. இப்படிப் போட்டால் நாலு மாதம் தாக்குப் பிடிக்கலாம் என்றார். அரிசி எங்கள் கையில் இருக்கும்வரை எங்கள் சாப்பாட்டை நாங்கள் தீர்மானிக்கலாம், முடிந்துவிட்டால் அவர்கள் தருவதுதான் சாப்பாடு என்றும் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது. நான் மடையனில்லை.

எங்கள் ஆட்களுக்கு அளந்து போட்டேன். கொள்ளையருக்கு என்னால் அளக்க முடியவில்லை.

முதலில் பயம்தான். மடியில் துவக்கை வைத்துக்கொண்டு தட்டை நீட்டுகிறவனுக்குக் கோப்பையால் தலைதட்டி யார் போடுவான்? ஆனால் பயம் எல்லாவற்றையும் போல இரண்டு கிழமையில் பழகிவிட்டது. அதன் பிறகும் என் கை நிற்கவில்லை. சட்டிப் பக்கம் நிற்பேன். ஒருவனின் தட்டில் வெள்ளை இடம் தெரியும். அகப்பை தானாக எழும்பும். அவர்கள் கேட்கவில்லை. இதுதான் நான் ஒருவருக்கும் சொல்லாதது. அவர்கள் மறுசோறு கேட்டதே இல்லை. சில பேர் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தார்கள். நான் போட்டேன்.

அவர்களில் தாடிக்கு மருதோன்றி பூசிய ஒரு மனிதர் இருந்தார். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே தளத்தில் விட்டுப் போக, அவர் மட்டும் தட்டை வழித்துக் கழுவிக் கொண்டுவந்து தருவார். ஒரு நாள் இறைச்சிக் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, நெஞ்சில் கையை வைத்து, "குக். குட்" என்றார். கப்பலில் ஆறு வருடம் சமைத்திருக்கிறேன். அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்து போனது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறவன் ஒருவன் என் சமையலைப் புகழ்ந்ததற்காகச் சந்தோஷப்பட்டதை நினைக்க எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் அவருக்கு இரண்டு அகப்பை கூடப் போட்டேன்.

கூடப் போட்டது எங்கிருந்தோ குறைய வேண்டுமே. நான் சோறு ஆக்கும் அளவைக் கூட்டினேன், மூட்டை வேகமாகக் குறைந்தது. அது ஒன்று. இன்னொன்று, சில நாட்களில் சட்டியில் இருந்ததைக் கொள்ளையருக்குப் போட்டுவிட்டு எங்கள் ஆட்களுக்குத் திரும்பும்போது ஒருவருக்குப் போதாமல் வரும். ஆருக்குக் குறைப்பது? பிலிப்பைன்ஸ்காரருக்குக் குறைத்தால் முறைப்பார்கள். கப்டனுக்குக் குறைக்க முடியாது. தூத்துக்குடிக்காரன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் தட்டில் அரைக் கோப்பை விழும், சில நாள் அடிப்பிடித்ததை வழித்துப் போடுவேன். "என்னண்ணே, வாசமா இருக்கு" என்று சிரிப்பான். நானும் அவனோடு அதைத்தான் தின்றேன். அதனால் அது நியாயம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அடுப்படியில் நின்று சுவை பார்க்கிறவன், வயிற்றுக்கு ஏதோ போய்ச் சேரும். அவன் இயந்திர அறைச் சூட்டில் வேலை செய்கிறவன்.

நாலு மாதத்து அரிசி இரண்டரை மாதத்தில் முடிந்தது. கப்டன் வெறும் சாக்குகளை உதறிப் பார்த்தார். கொள்ளையர் அதிகம் என்றேன். அது உண்மைதான். அதற்குப் பிறகு அரிசி கரையிலிருந்து வந்தது. அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டு எங்களுக்குத் தந்தது இருபத்தொரு பேருக்கு ஒரு வாளிக் கஞ்சி. தண்ணீர் தாங்கியின் அடியிலிருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தது. மழை பெய்தால் தறப்பாளை விரித்துப் பிடித்தோம். ஐந்தாம் மாதம் தூத்துக்குடிக்காரன் இயந்திர அறைப் படியில் ஏறும்போது தலை சுற்றி விழுந்தான். இடுப்பெலும்பு உடைந்தது. வைத்தியர் இல்லை. இரண்டு பலகையை வைத்துக் கட்டினோம். மற்ற இரண்டு மாதமும் அவன் படுக்கையில் கிடந்தான். நான் கஞ்சி பருக்கினேன்.

கப்பல் முதலாளிகள் ஏதோ பேசி முடித்த பிறகு கொள்ளையர் எங்களை விட்டார்கள். அவன் ஊருக்குப் போனான். எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது, திரும்பவும் கப்பல் ஏற முடியவில்லை. இப்போது அண்ணனுடைய கடையில் கதிரை போட்டு இருக்கிறான். நான் ஒஸ்லோவுக்கு வந்து, மொழி படித்து, குரோருட்டில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு தரமாவது அவன் வீடியோ அழைப்பு எடுப்பான். என் மகள் அவனைத் தூத்துக்குடி மாமா என்பாள். அவன் நாக்கை நீட்டி முகம் காட்டுவான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கதை முடியும்போது ஒவ்வொரு தரமும் அவளிடம், "பாப்பா, கப்பல்ல பசி மயக்கத்துல விழுந்து கிடந்தப்ப உங்கப்பா ஊட்டிவிட்ட கஞ்சியிலதான் மாமா இன்னைக்கு உயிரோட இருக்கேன், தெரியும்ல?" என்பான். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழும்புவேன்.

பள்ளிக்கூடத்துக்கு நான் தேநீர் கொண்டு போனேன். சொல்லுவதை விடக் கொடுப்பது எனக்கு எளிது. ஏலக்காய், கறுவா, பால்மா, கரண்டி நட்டால் நிற்கும் சீனி. பெரிய தெர்மஸ் போத்தல் ஒன்று நிறைய. ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டு, பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒவ்வாமை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அன்றைய கடைசிப் பாடம் அது. வெளியில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது, வாசலில் இருபத்துமூன்று சோடி ஈரச் சப்பாத்து. என் மகள் முன்வரிசையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள்.

ஆசிரியை சுவரில் வரைபடத்தைக் காட்டினாள். நான் கப்பல் நின்ற இடத்தில் விரலை வைத்தேன். கப்பல் வேலைக்காரருக்குக் கொடுக்கும் என்னுடைய பழைய கடலோடிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதிலிருந்த என் படத்தையும் கப்பல் முத்திரைகளையும் கண்டதும் வகுப்பு அடங்கிவிட்டது. பொய்காரி என்று முதலில் சொன்னவன் எவன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் மகளுக்குத் தெரியும். அவள் திரும்பி ஒரு பக்கத்தைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகவே நான் வந்தது சரி என்று பட்டது.

ஆடு, ஈரல், அப்பம், ஸ்பகெட்டியோடு வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் தின்னாத கொள்ளையர் என்றதும் விழுந்து சிரித்தார்கள். காட் இலையைப் பற்றித் தொடங்கியதும் ஆசிரியை கண்ணால் தடுத்தாள், கடந்து போனேன். பிறகு கடதாசிக் கோப்பைகளில் தேநீர் ஊற்றினேன். இது பானமில்லை, சாப்பிட்ட பிறகு தின்னும் இனிப்பு என்றான் ஒருவன். எல்லாரும் நக்கி நக்கிக் குடித்தார்கள். ஒரு கோப்பை வெறுமையானதைக் கண்டேன், ஊற்றினேன். பக்கத்துக் கோப்பையையும் நிரப்பினேன். ஒரு சின்னப் பெண் போதும் என்று கோப்பையின் மேல் கையை வைத்தாள். கை எடுக்கும்வரை நின்று, பிறகு ஊற்றினேன். வகுப்பு முழுக்கச் சுற்றி வந்து மகளிடம் வந்தபோது போத்தலில் அரைக் கோப்பைதான் இருந்தது, அடியில் தங்கிய கறுவாத் தூளோடு. அதை ஊற்றிவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கேள்வி நேரத்தில் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. "அவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள்?"

"விரும்பிய அளவு."

"நீங்கள்?"

"ஒரு கோப்பை. பிறகு அரிசி முடிந்து அதுவும் இல்லை."

"அவர்களுக்கும் ஒரு கோப்பை கொடுத்திருக்கலாமே. அதுதானே நீதி?"

இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, மேசையைச் சுற்றிலும் எல்லாருக்கும் ஒரே அளவு என்று வளர்ந்தது. "அவர்களிடம் துவக்கு இருந்தது" என்றேன். ஓ என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஆசிரியை கை தட்டச் சொன்னாள், தட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் தொடர்மாடிக்குப் பத்து நிமிட நடை. மகள் துள்ளித் துள்ளி நடந்தாள். ஆர் ஆர் மன்னிப்புக் கேட்டார்கள், ஆர் அவளை வீட்டுக்கு வரச் சொன்னார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இத்தோடு போகட்டும் என்று நினைத்தேன். அவள் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"துவக்கு இருந்தபடியால்தானே அப்பா கனக்கப் போட்டனீங்கள், என்ன?"

ஓம் என்றால் முடிந்துவிடும். அவள் கையைப் பிடித்திருந்தாள், கையுறைக்குள்ளால் சூடு தெரிந்தது. எனக்கு அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. அது நல்ல குணத்தால் அல்ல. பொய்காரி என்று சொன்னதற்கு அவள் எப்படி அழுதாள் என்று பார்த்திருந்தேன், அதனால்தான்.

"முதல் ரெண்டு கிழமையும் அப்பிடித்தான்" என்றேன். "பிறகு அவை கேக்கேல்லை. நானாத்தான் போட்டனான்."

"கேக்காமலோ? இண்டைக்குத் தேத்தண்ணி விட்ட மாதிரியோ?"

"ஓம்."

அவள் உருகிய பனியை உதைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். அவளுடைய தலை வேலை செய்வது எனக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரி.

"அதாலைதான் அரிசி முடிஞ்சதோ?"

"ஓம்."

"அதாலைதான் மாமா விழுந்தவரோ?"

"ஓம்."

"மாமாவுக்கும் அப்பிடிக் கேக்காமல் போட்டனீங்களோ?"

"இல்லை. மாமாவுக்குக் குறைச்சுத்தான் போட்டனான்."

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். ரயிலால் இறங்கிய சனம் எங்களை விலத்திக்கொண்டு போனது. அவள் முகத்தில் கோபம் இல்லை, விளங்காத ஒரு கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஏனப்பா? மாமா உங்கட பிரெண்ட் எல்லோ. அவை கள்ளர்."

எத்தனையோ வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். பெரிய பதில்களெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரம் உள்ளதுதான் வந்தது.

"அவர் எங்கட ஆள்" என்றேன். "எங்கட ஆள் ஒண்டும் நினைக்க மாட்டார் எண்டு நினைச்சனான்."

அவள் என் கையை விடவில்லை. தன்னுடைய ஈரச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நானும் உங்கட ஆள்தானே, அப்பா?"